பரிசு பிள்ளைக்கா, அப்பாவுக்கா?

பள்ளிக்கூடங்களில் போட்டிகளுக்குக் குறைவே இல்லை. பேச்சுப் போட்டி, ஓவியப் போட்டி, ஓட்டப் பந்தயம் – இவை எல்லாம் தாத்தா காலத்திலேயே இருந்தவை. இந்தக் காலத்தில் புதிதாக ஒன்று சேர்ந்திருக்கிறது. அதன் பெயர் கண்டுபிடிப்புப் போட்டி.

"புதிதாக ஒரு பொருளைக் கண்டுபிடி. பொருள் செய்ய முடியாவிட்டால் ஒரு யோசனையாவது சொல். பரிசு தருகிறோம்" என்று பிள்ளைகளை அழைக்கிறார்கள். அரசாங்கம் அழைக்கிறது. கல்லூரிகள் அழைக்கின்றன. வெளிநாடுகளில் இருந்தும் அழைப்பு வருகிறது.

நல்ல காரியம்தான். யாரும் குறை சொல்ல முடியாது.

ஆனால் போட்டி நடக்கும் மண்டபத்துக்குள் ஒரு முறை நுழைந்து பாருங்கள்.

முதல் மேஜை. பளபள என்று ஒரு எந்திரம். விளக்கு எரிகிறது. சக்கரம் சுற்றுகிறது. மணி அடிக்கிறது. பக்கத்தில் ஒரு சிறுவன் நிற்கிறான். "இது என்ன, தம்பி?" என்று கேட்டால் போதும். மூச்சு விடாமல் ஒப்பிக்கிறான். நடுவில் ஒரு கேள்வி போடுங்கள். "இந்தச் சிவப்புக் கம்பியைக் கழற்றி விட்டால் என்ன ஆகும், தம்பி?" சிறுவன் பதில் சொல்லவில்லை. திரும்பிப் பார்க்கிறான். பின்னால் அப்பா நிற்கிறார்!

கடைசி மேஜை. ஒரு சிறுமி. அவள் முன்னால் பழைய அட்டைப் பெட்டி. ரப்பர் வளையம். மை தீர்ந்த பேனாக் குச்சி. பழைய சைக்கிள் டியூப் துண்டு. பார்க்க அழகாக இல்லை. இரண்டு முறை ஓடுகிறது, மூன்றாவது முறை நின்று விடுகிறது. ஆனால், "ஏன் இப்படிச் செய்தாய், அம்மா?" என்று கேட்டால், சிறுமி கால் மணி நேரம் பேசுகிறாள். எது முதலில் உடைந்தது, எதை மாற்றினாள், பாட்டி என்ன சொன்னாள் – எல்லாம் சொல்கிறாள்.

பரிசு யாருக்குப் போகும்? பெரும்பாலும் பளபளக்கும் எந்திரத்துக்குத்தான்.

அன்று அந்தச் சிறுவன் ஒரு பாடம் படிக்கிறான். "நான் செய்யாததற்கும் பரிசு வாங்கலாம்" என்ற பாடம். அந்தச் சிறுமியும் ஒரு பாடம் படிக்கிறாள். "நானே செய்தால் பரிசு கிடைக்காது" என்ற பாடம். இரண்டும் கெட்ட பாடங்கள். எந்தப் புத்தகத்திலும் இல்லாத பாடங்கள்.

கண்காட்சி வேறு, கண்டுபிடிப்பு வேறு

முதலில் ஒன்றைத் தெளிவாகத் தெரிந்து கொள்ள வேண்டும்.

களிமண்ணால் ஒரு மலை. உள்ளே சமையல் சோடா. மேலே வினிகரை ஊற்றினால் நுரை பொங்கி வழிகிறது. "இதுதான் எரிமலை" என்று மாணவன் சொல்கிறான். இது விஞ்ஞானக் கண்காட்சி. ஏற்கனவே தெரிந்த ஒன்றை மற்றவர்களுக்கு விளங்கச் செய்வது. இதுவும் வேண்டியதுதான். தவறு இல்லை.

கண்டுபிடிப்பு அது அல்ல. யாரோ ஒருவருக்கு ஒரு கஷ்டம் இருக்கிறது. அந்தக் கஷ்டத்தைத் தீர்க்க, இதுவரை இல்லாத ஒரு வழியைச் செய்து காட்டுவது. அதுதான் கண்டுபிடிப்பு.

ஆகவே, கண்டுபிடிப்புக்கு முதலில் வேண்டியது பேட்டரி அல்ல, மோட்டார் அல்ல. ஒரு கஷ்டம் வேண்டும். அதைப் பார்க்கும் கண் வேண்டும்.

கடையில் மோட்டார் விற்கிறார்கள். செய்து முடித்த மாடல்களையே விற்கிறார்கள். விளக்கக் குறிப்பு வேண்டுமா? அதையும் கம்ப்யூட்டர் ஒரு நிமிடத்தில் எழுதிக் கொடுத்து விடுகிறது. ஆனால், பார்க்கும் கண்ணை எந்தக் கடையிலும் வாங்க முடியாது.

கரி கொட்டிக் கிடந்த தெரு

திருவண்ணாமலை மாணவி வினிஷா உமாசங்கரின் கதை பலருக்குத் தெரியும். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்.

அவர் ஊர்த் தெருவில் ஓர் இஸ்திரி வண்டி. கரி போட்டுத் தேய்க்கும் பெட்டி. வேலை முடிந்ததும் எரிந்த கரியைத் தெருவோரம் கொட்டி விடுவார்கள். அந்த வழியாக எத்தனையோ பேர் போனார்கள், வந்தார்கள். யாரும் நின்று பார்க்கவில்லை.

வினிஷா பார்த்தார். நாள் முழுவதும் இந்தப் புகையை மூச்சில் வாங்கினால் என்ன ஆகும்? இந்தக் கரிக்காக எத்தனை மரங்கள் எரிகின்றன? ஊர் ஊராக இப்படி எத்தனை வண்டிகள்? கேள்வி மேல் கேள்வி பிறந்தது.

நம் ஊரில் வெயிலுக்குப் பஞ்சம் இல்லையே! வண்டியின் கூரையிலேயே சூரிய ஒளித் தகடுகளைப் பொருத்தினால் என்ன? வெயிலில் கிடைக்கும் மின்சாரத்தைப் பேட்டரியில் சேர்த்து, அதைக் கொண்டு தேய்த்தால் என்ன? 5 மணி நேர வெயில் இருந்தால் 6 மணி நேரம் தேய்க்கலாம் என்பது அவர் போட்ட கணக்கு.

அந்த யோசனைக்கு நம் நாட்டிலேயே முதலில் பரிசு கிடைத்தது. 2020-ம் ஆண்டு சுவீடன் நாட்டில் வழங்கும் சிறுவர் பருவநிலைப் பரிசும் கிடைத்தது. 2021-ம் ஆண்டு, இங்கிலாந்து இளவரசர் வில்லியம் ஏற்படுத்திய எர்த்ஷாட் பரிசின் இறுதிச் சுற்றுக்கு வந்தார். அதே ஆண்டு நவம்பரில், கிளாஸ்கோ நகரில் ஐ.நா. பருவநிலை மாநாடு நடந்தது. உலகத் தலைவர்கள் கூடிய இடம். அங்கே இந்தப் பள்ளி மாணவி எழுந்து பேசினார்.

திருவண்ணாமலைத் தெருவில் கிடந்த கரி, கிளாஸ்கோ வரை கொண்டு போய் விட்டது!

தாத்தா ஏற முடியாத படி

இன்னொரு கதை பீகாரில் நடந்தது. பாட்னா நகரில் ஷாலினி குமாரி என்ற பள்ளிச் சிறுமி.

அவளுடைய தாத்தா வாக்கரைப் பிடித்துக் கொண்டு நடப்பார். நான்கு கால்கள் உள்ள, நடை பழகும் சட்டம், ஆஸ்பத்திரிகளில் பார்த்திருப்பீர்கள். சமதரையில் நன்றாக நடப்பார். படிக்கட்டு வந்தால் நின்று விடுவார். நான்கு கால்களும் ஒரே உயரம் அல்லவா? படியில் வைத்தால் சாய்ந்து விடும்.

சிறுமி யோசித்தாள். முன்னால் உள்ள இரண்டு கால்களும் நீளவும் குறுகவும் செய்தால்? படியில் முன் கால்களைக் குறுக்கிக் கொண்டு ஏறலாமே!

இவ்வளவுதான் யோசனை. இதில் ராக்கெட் விஞ்ஞானம் எதுவும் இல்லை. ஆனால், ஆஸ்பத்திரிகளில் அத்தனை ஆண்டுகளாக வாக்கர் கொடுத்துக் கொண்டிருந்த பெரியவர்களுக்குத் தோன்றவில்லை. தாத்தா படியடியில் நிற்பதைத் தினமும் பார்த்த பேத்திக்குத் தோன்றியது. அந்த யோசனை பரிசு பெற்றது. பிறகு ஒரு கம்பெனி அதைச் செய்து கடைகளில் விற்பனைக்கும் கொண்டு வந்தது.

உதவி செய்யக் கூடாதா?

"அப்படியானால் பெரியவர்கள் உதவவே கூடாதா? சின்னப் பிள்ளை சூரிய ஒளி வண்டியைத் தன் கையால் செய்ய முடியுமா?" என்று கேட்பீர்கள்.

நியாயமான கேள்வி.

இந்த இரண்டு பிள்ளைகளுக்கும் பெரியவர்கள் உதவினார்கள். குஜராத்தில் காந்திநகரில் தேசியப் புத்தாக்க நிறுவனம் என்று ஒன்று இருக்கிறது. 2000-ம் ஆண்டு ஏற்பட்டது. கிராமத்து விவசாயிகள், தொழிலாளிகள், மாணவர்கள் ஆகியோரின் யோசனைகளைத் தேடிப் பிடிப்பது அதன் வேலை. அந்த நிறுவனம் மாணவ – மாணவிகளுக்காக "இக்னைட்" என்ற போட்டியை நடத்தியது. பிறகு அதற்கு அப்துல் கலாம் பெயரைச் சூட்டினார்கள்.

அந்தப் போட்டியின் முறையைக் கவனியுங்கள். பிள்ளை மாடல் செய்து கொண்டு வர வேண்டியது இல்லை. யோசனையை எழுதி அனுப்பினால் போதும். யோசனை தேர்வு பெற்றால், எஞ்சினீயர்கள் அதைப் பொருளாகச் செய்ய உதவுவார்கள். காப்புரிமைக்கு மனுப் போடவும் உதவுவார்கள். மனு யார் பெயரில்? பிள்ளையின் பெயரில்!

ஆகவே, உதவி தப்பு அல்ல. இரும்பை வெட்டும் கை பெரியவர் கையாக இருக்கலாம். கேள்வி மட்டும் பிள்ளையின் கேள்வியாக இருக்க வேண்டும். விடையின் வழியும் பிள்ளையின் வழியாக இருக்க வேண்டும். எஞ்சினீயர் உதவினார் என்பதை மறைக்கவும் கூடாது. "இதை நான் யோசித்தேன், அதை அவர் செய்து கொடுத்தார்" என்று சொல்ல எந்தப் பிள்ளையும் வெட்கப்பட வேண்டியது இல்லை.

அப்பாவே யோசித்து, அப்பாவே வாங்கி, அப்பாவே பூட்டி, பிள்ளையைப் பக்கத்தில் நிறுத்தி வைப்பதுதான் தப்பு. அதற்கு உதவி என்று பெயர் இல்லை.

ஆசிரியர் பத்திரப்படுத்திய காகிதம்

பெற்றோரைப் பற்றிச் சொன்னேன். ஆசிரியரின் பங்கு என்ன? இதற்கு அமெரிக்காவில் நடந்த ஓர் உண்மைக் கதை இருக்கிறது.

பைலோ பார்ன்ஸ்வொர்த் என்பவன் இடாஹோ மாகாணத்தில் ஒரு விவசாயியின் மகன். பள்ளியில் படிக்கும்போது ஒரு விஞ்ஞானப் பத்திரிகை நடத்திய போட்டியில் கலந்து கொண்டான். மோட்டார் காரைத் திருடர்கள் ஓட்டிப் போகாமல் இருக்க, காந்தத்தால் இயங்கும் ஒரு பூட்டை யோசித்து அனுப்பினான். பரிசு 25 டாலர். அந்தப் பூட்டால் உலகம் மாறி விடவில்லை. ஆனால், பையனுக்குத் தைரியம் வந்து விட்டது. "என் யோசனைக்கும் மதிப்பு உண்டு" என்ற தைரியம்.

கொஞ்ச நாளில் அவன் மனம் வேறு ஒன்றில் பாய்ந்தது. படத்தைக் காற்றில் அனுப்புவது எப்படி? வயலில் ஏர் ஓட்டும்போது சால் சாலாகக் கோடு விழுவதைப் பார்த்து, படத்தையும் இப்படிக் கோடு கோடாகப் பிரித்து அனுப்பலாம் என்று அவனுக்குத் தோன்றியதாகச் சொல்வார்கள்.

1922-ம் ஆண்டு, 15 வயதில், ரசாயன ஆசிரியர் ஜஸ்டின் டோல்மனிடம் போனான். படம் போட்டு விளக்கினான். "பாடத்தில் இல்லாததை எல்லாம் ஏன் பேசுகிறாய்? போய்ப் படி!" என்று ஆசிரியர் விரட்டவில்லை. உட்கார்ந்து கேட்டார். பையன் வரைந்து கொடுத்த காகிதத்தைப் பத்திரமாக வைத்துக் கொண்டார்.

1927-ம் ஆண்டு செப்டம்பர் 7-ந் தேதி, பார்ன்ஸ்வொர்த் சான்பிரான்சிஸ்கோவில் தன் கருவியால் ஒரே ஒரு கோட்டைப் படமாக அனுப்பிக் காட்டினார். மின்னணு டெலிவிஷன் பிறந்தது. அப்போது அவருக்கு வயது 21.

பிறகு வந்தது வழக்கு. ஆர்.சி.ஏ. என்ற பெரிய ரேடியோ கம்பெனி, அந்தக் கண்டுபிடிப்பில் தங்களுக்கே முதல் உரிமை என்றது. பார்ன்ஸ்வொர்த்துக்காகச் சாட்சி சொல்ல வந்தவர் யார் தெரியுமா? பழைய ஆசிரியர் டோல்மன்! பையன் வரைந்த அந்தக் காகிதத்தைக் காட்டினார். 1934-ம் ஆண்டு, காப்புரிமை அலுவலகம் பார்ன்ஸ்வொர்த்துக்குச் சாதகமாகத் தீர்ப்புச் சொன்னது.

நம் பள்ளிக்கூடங்களில் பிள்ளைகள் நோட்டின் கடைசிப் பக்கத்தில் என்னென்னவோ வரைகிறார்கள். அதைப் பார்த்து அடி கொடுப்பதற்கு முன், "இது என்ன?" என்று ஆசிரியர் ஒரு வார்த்தை கேட்கலாம்.

10 ஆயிரம் ரூபாய்

இப்போது நம் நாட்டுக்கு வருவோம். மத்திய அரசாங்கத்தின் விஞ்ஞானத் துறை "இன்ஸ்பயர் மானக்" என்ற திட்டத்தை நடத்துகிறது. 6-ம் வகுப்பு முதல் மேலே படிக்கும் மாணவ – மாணவிகளின் யோசனைகளைப் பள்ளிக்கூடங்கள் தேர்ந்தெடுத்து அனுப்ப வேண்டும். அவற்றில் 1 லட்சம் யோசனைகளைப் பொறுக்கி எடுத்து, ஒவ்வொன்றுக்கும் 10 ஆயிரம் ரூபாய் கொடுப்பது திட்டத்தின் நோக்கம். பணம் பிள்ளையின் பாங்கிக் கணக்குக்கே போகிறது. பிறகு மாவட்டப் போட்டி, மாநிலப் போட்டி, தேசியப் போட்டி என்று படிப்படியாகப் போகும்.

ஏழை வீட்டுப் பிள்ளைக்கு இது பெரிய வாய்ப்பு. கூலி வேலை செய்யும் அப்பாவால் மோட்டார் வாங்கித் தர முடியாது. எஞ்சினீயர் மாமா கிடையாது. அந்தப் பிள்ளைக்காகத்தான் இந்தப் பணம். அந்தப் பணம் கடைக்காரருக்குப் போய், கடையில் இருந்து ஒரு மாடல் வீட்டுக்கு வந்தால், கொடுத்தவர்கள் நோக்கமும் போயிற்று, பிள்ளையின் வாய்ப்பும் போயிற்று.

ஒன்றை மறக்கக் கூடாது. கஷ்டத்தைப் பார்க்கும் கண் விஷயத்தில், ஏழை வீட்டுப் பிள்ளைக்குத்தான் வசதி அதிகம்! குடத்தைத் தூக்கித் தண்ணீர் சுமந்தவனுக்குத்தான் குடத்தின் கனம் தெரியும். அடுப்பை ஊதியவளுக்குத்தான் புகையின் எரிச்சல் தெரியும். பளபளப்புக்குப் பரிசு கொடுத்தால், இந்தப் பிள்ளைகளை வாசலிலேயே திருப்பி அனுப்பி விடுகிறோம்.

நடுவர்களுக்கு 4 யோசனைகள்

போட்டியே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பரிசு வேண்டும். பரிசு இருந்தால்தான் பத்துப் பிள்ளைகள் முன்வருவார்கள். பரிசு கொடுக்கும் முறையைத்தான் மாற்ற வேண்டும்.

ஒன்று: பொருளைப் பார்ப்பதற்கு முன் நோட்டைக் கேளுங்கள். எந்தத் தேதியில் என்ன செய்தான், எது சரியாக வரவில்லை, எப்படி மாற்றினான் – இவை அதில் இருக்க வேண்டும். தோற்றுப் போன முயற்சிகளுக்கும் மார்க்குக் கொடுங்கள். உண்மையாகச் செய்தவன் நோட்டில் அடித்தல் திருத்தல் இருக்கும்.

இரண்டு: ஒரு பாகத்தைக் கழற்றி, மறுபடியும் மாட்டச் சொல்லுங்கள். மாட்டும்போதே தெரிந்து விடும், அது யார் செய்தது என்று.

மூன்று: "இது யாருக்காக? அவரிடம் கொண்டு போய்க் காட்டினாயா? அவர் என்ன சொன்னார்?" என்று கேளுங்கள். விவசாயிக்காக ஒரு கருவி செய்தவன், ஒரு விவசாயியிடமாவது அதைக் கொடுத்துப் பார்த்திருக்க வேண்டும்.

நான்கு: நடுவர்கள் கேள்வி கேட்கும் நேரத்தில், பெற்றோர்கள் வெளியே நாற்காலி போட்டு உட்காரட்டும்.

இந்த நான்கிலும் காலணாச் செலவு இல்லை. கொஞ்சம் நேரம் ஆகும். அவ்வளவுதான்.

பரிசு வாங்கிய பிறகு

இன்னொரு குறையும் உண்டு. பரிசு கொடுத்து, போட்டோ எடுத்ததும், கதை முடிந்து விடுகிறது. பொருள் பள்ளிக்கூட அலமாரியில் தூசி படிந்து கிடக்கிறது.

ஒரு கண்டுபிடிப்பு அது யாருக்காகப் பிறந்ததோ, அவர் கைக்குப் போய்ச் சேர வேண்டும். சூரிய ஒளி வண்டியை உலகம் பாராட்டியது. ஆனாலும் பல ஊர்களில் கரிப் பெட்டிகள் இன்னும் புகைந்து கொண்டுதான் இருக்கின்றன. இந்தக் குறை பிள்ளையைச் சேர்ந்தது அல்ல. பாங்கிக் கடனும், தொழிற்சாலையும், கடையும் பெரியவர்கள் கையில்தான் இருக்கின்றன. வண்டிக்காரர் வாங்கக் கூடிய விலைக்கு ஒரு பொருளைக் கொண்டு வருவது பெரியவர்களின் பொறுப்பு.

காப்புரிமை பற்றியும் பள்ளிக்கூடங்கள் தெரிந்து வைத்திருக்க வேண்டும். நம் நாட்டில் ஒரு கண்டுபிடிப்புக்குக் காப்புரிமை கிடைத்தால், மனுப் போட்ட நாளில் இருந்து 20 ஆண்டுகள் செல்லும். புதிய பொருளுக்குத்தான் அந்த உரிமை. ஊருக்கெல்லாம் காட்டி விட்டுப் பிறகு மனுப் போட்டால், "இது புதிது இல்லையே!" என்று தள்ளி விடக் கூடும். ஆகவே, நல்ல யோசனை என்று தோன்றினால், மேடை ஏற்றுவதற்கு முன்பே விவரம் தெரிந்தவர்களைக் கேட்டுக் கொள்வது நல்லது.

பெற்றோர்களே!

கடைசியாக, வீட்டுக்கு வருவோம்.

பையன் பழைய கடிகாரத்தைப் பிரித்துப் போட்டிருப்பான். "டேய்! ஏன் கழற்றினாய்?" என்று கத்தாதீர்கள். "திரும்ப மாட்ட முடியுமா, பார்" என்று சொல்லுங்கள். மின்சாரத்தில் கை வைக்கும் வேலை, கூர்மையான கருவி பிடிக்கும் வேலை – இவற்றில் மட்டும் பக்கத்தில் இருங்கள். பெண் பிள்ளை ஸ்குரு டிரைவரை எடுத்தால், "உனக்கு எதற்கு இது?" என்று பிடுங்காதீர்கள். மேலே சொன்ன இஸ்திரி வண்டியும் வாக்கரும் பெண் பிள்ளைகள் யோசித்தவைதான்.

அடுத்த போட்டிக்கு அறிவிப்பு வந்ததும் கடைக்கு ஓடாதீர்கள். ஒரு நோட்டைக் கொடுத்து, பிள்ளையை வீட்டையும் தெருவையும் சுற்றி வரச் சொல்லுங்கள். அம்மாவுக்கு எந்த வேலையில் கை வலிக்கிறது? பாட்டியால் எதை எடுக்க முடியவில்லை? பால்காரர், தபால்காரர், துப்புரவுத் தொழிலாளி – இவர்களுக்கு என்ன தொல்லை? அவர்களிடமே கேட்டு, பத்து வரி எழுதி வரட்டும்.

அந்தப் பத்து வரியில் எழுத்துப் பிழை இருக்கும். சில கஷ்டங்கள் சிரிப்பாகக் கூட இருக்கும். இருக்கட்டும். பேனாவை எடுத்துத் திருத்தாதீர்கள். எந்தக் கஷ்டத்தைத் தீர்க்கப் போகிறான் என்று பிள்ளையே சொல்லட்டும்.